ஒரு பக்கம் சாய்ந்த பை

பதினாறு வருடம் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய தர்மன், வண்டியிலிருந்து இறங்கும்போது சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். மூன்று மாதம் கட்டில்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

குன்னத்தில் அவர் வீட்டைச் சுற்றி மக்காச்சோளக் காடு. பகல் முழுக்கச் சோகை இலைகள் உரசும் சத்தம். மனைவி மேகலா பெரம்பலூரில் துணிக்கடை வேலைக்குப் போய்விடுவாள். ஒரு நாள் போனில் யாரோ துனிசியன் குரோஷே என்ற நூல் பின்னல் போடுவதைப் பார்த்தார். முகம் தெரியவில்லை, கைகள் மட்டும். நீளமான கொக்கி ஊசியில் கண்ணிகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போய், திரும்பி வரும்போது ஒவ்வொன்றாக இறக்கிவிட்டன அந்தக் கைகள்.

"எனக்கு அந்த ஊசியும் நூலும் வாங்கியாறியா?" என்று மேகலாவிடம் கேட்டார்.

அவள் சிரிக்கவில்லை. "என்ன கலருங்க?" என்றாள்.

காவி நிறம். அவளுக்கே ஒரு தோள் பை போடுவதென்று தொடங்கினார். ஊசி போய்த் திரும்பும். தூக்கமா விழிப்பா என்று தெரியாத மதியங்கள். மக்காச்சோளக் கதிர்களைத் தொட்டும் தொடாமலும் தான் மிதந்து போவதுபோல் இருக்கும். கால் எங்கோ கீழே, வேறு யாருக்கோ வலிப்பதுபோல் வலிக்கும்.

முன்பக்கம், பின்பக்கம், நடுவே சுற்றிவர ஒரு பட்டை, தோளுக்கு ஒரு வார். எல்லாம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, சுருண்டு கிடந்த துண்டுகளை நனைத்துப் பாயில் விரித்துக் குண்டூசி குத்திக் காயவைத்தார்கள். காய்ந்ததும் இரண்டு பக்கங்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தார். முன்பக்கம் மேலே போகப்போக மூன்று விரல் குறுகியிருந்தது. மிதந்துகொண்டிருந்த மதியங்களில் வரிசைக் கடைசியில் இருந்த ஓரக் கண்ணியை அவ்வப்போது விட்டிருக்கிறார்.

"பிரிச்சிடுறேன் புள்ள. பத்து நாள் வேலை போச்சு."

மேகலா அந்தச் சாய்வை விரலால் தடவிப் பார்த்தாள். "இது நல்லாத்தாங்க இருக்கு. சரியா வந்துச்சே, அதப் பிரிச்சு இது மாதிரி போடுங்க."

சரியாக வந்ததைப் பிரிக்க மனசு வரவில்லை. ஆனாலும் பிரித்தார். முதல் முறை தானாக வந்த தவறு இந்த முறை எண்ணி எண்ணி வந்தது. இரண்டும் பொருந்த, பின்பக்கத்தில் எதிர் ஓரத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. ஒரு வாரம் பிடித்தது.

பிறகு பட்டையை நடுவில் வைத்து, ஓரங்களைச் சேர்த்துக் கோத்தார். மூலைகளில் ஒரே இடத்தில் மூன்று கண்ணி போட்டுத் திருப்பினார். மேகலா பழைய பூப்போட்ட சேலையில் லைனிங் வெட்டி, மிஷினில் அடித்து, உள்ளே வைத்துத் தைத்தாள். வாரைப் பையோடு சேர்த்துத் தைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். தாங்கியது.

மறுநாள் அந்தப் பையோடு வேலைக்குப் போன மேகலா, சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்: "எங்க வாங்கினதுன்னு கடையில கேட்டாங்க. எங்க வூட்டுக்காரரு போட்டதுன்னேன். லாரி டிரைவரான்னு நம்பவே மாட்டேங்கிறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஸ்டியரிங் புடிச்ச கை, நூலப் புடிக்காதாக்கும்னு கேட்டேன்."

தர்மன் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

கால் சரியானதும் மறுபடி லாரி ஏறினார். லோடுக்காக வண்டிகள் வரிசையில் நிற்கும். வெளியே வெள்ளைப் புழுதி பனிபோல் இறங்கும். கேபினுக்குள் அவர் மடியில் நீல நூலில் ஒரு துண்டு வளர்ந்துகொண்டிருந்தது. பின்னால் ஹாரன் அடித்தால்தான் நிமிர்ந்து பார்ப்பார்.