நொட்டாங்கைத் தையல்

பகல் பன்னிரண்டேகாலுக்குச் செய்தி வந்தது. தூத்துக்குடியிலிருந்து மாரிச்சாமி பேசினான். என் கணவர் கண்ணுச்சாமியோடு சுமை இறக்கப் போனவன். "மதினி, அண்ணன அடிச்சுட்டான்" என்றான். பிறகு, "அண்ணன் இல்ல மதினி" என்றான்.

அவருக்கு இடதுகைப் பழக்கம். அந்தக் கையால் சோறு எடுத்ததற்காக ஐந்து வயதில் அவருடைய அப்பா கரண்டிக் காம்பைக் காய்ச்சி அதில் சூடு வைத்தார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அதை முதுகுக்குப் பின்னால் கட்டிப்போட்டு அடித்தார். கை மாறவில்லை. அதே கையால்தான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் பத்தொன்பது வருடம் பேல் தைத்தார்; துணியைக் கோணியில் கட்டிய பொதியைத்தான் பேல் என்பார்கள். மற்றவர்கள் தையல் வலப்பக்கம் சாயும். அவருடையது இடப்பக்கம். ஒவ்வொரு பேலிலும் தைத்தவர் பெயர் எழுதிய அட்டை இருக்கும்.

கப்பல் ஏறும் முன் தூத்துக்குடித் துறைமுகத்தில் சுங்க அதிகாரிகள் சில பேல்களை அறுத்துப் பார்ப்பார்கள். சரக்கு லாரி முந்தின நாளே போய்விடும். அறுத்ததைத் திரும்பத் தைக்க, இவர் எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கோணியூசியோடு விடிகாலை பஸ் ஏறுவார்.

அன்று அதிகாரி மூன்று பேல்களை அறுத்தார். துணிதான். தைக்கச் சொல்லிவிட்டு நகர்ந்தார். மூன்றாவதைத் தைக்கும்போதுதான், லாரி டிரைவர் உட்கார்ந்திருந்த பேலை இவர் கவனித்திருக்கிறார். அட்டையில் இவர் பெயர். தையல் வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

"அண்ணே, செத்த எந்திரிங்க. இது என் தையல் இல்ல."

"ஏலே நொட்டாங்கை, அந்த ஊசியாலயே ஒன் வாயையும் தச்சுக்கோ. சரக்கு பாஸாயிருச்சு."

"போற ஊர்ல பிடிச்சா என் பேருதானண்ணே இருக்கு."

"பேரு இருக்கும். நீ இருக்கமாட்ட."

வழக்கமான கேலி என்று மாரிச்சாமி சிரித்தானாம். இவர் எழுந்து அதிகாரியைக் கூப்பிட்டார். "சார், இதையும் அறுங்க."

அறுத்தார்கள். இரண்டு மடிப்புத் துணிக்குக் கீழே செம்மரக் கட்டைகள்.

டிரைவர் லாரியிலிருந்து ஜாக்கி கம்பியை எடுத்துவந்தான். முதல் அடி தோளில். இரண்டாவதைத் தடுக்க இடதுகையைத் தூக்கியிருக்கிறார். எலும்பு உடைந்த சத்தம் கேட்டது என்றான் மாரிச்சாமி. மூன்றாவது தலையில். விழுந்த பிறகும் அடித்தான். நாலு பேர் சேர்ந்துதான் அவனை மடக்கினார்கள். மாரிச்சாமி அறுத்த பேலிலிருந்து துணியை உருவி அவர் தலையைச் சுற்றினான். சுற்றச் சுற்ற நனைந்தது.

பிணவறையில் அந்தக் கையைப் பார்த்தேன். உடைந்த இடத்துக்குக் கீழே பழைய சூட்டுத் தழும்பு அப்படியே இருந்தது.

செம்மரம் இருந்த பேலோடு, அவர் தைத்துக்கொண்டிருந்த மூன்றாவது பேலையும் சாட்சிப் பொருளாகக் காவல் நிலையத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த மூன்றாவதின் வாய் பாதிதான் தைத்திருக்கிறது. ஊசி நூலோடு தொங்குகிறது.