கிணற்றைப் பூட்டிய சாயங்காலம்

பிள்ளைகளே, குழாயில் தண்ணீர் வராத அந்த நாட்களில் நீங்கள் இரண்டு பேரும் என்னை ஆளுக்கொரு கேள்வி கேட்டீர்கள். ஹாஸ்டலிலிருந்து வந்திருந்த பெரியவள், "முன்ன பின்ன தெரியாதவங்களுக்கெல்லாம் அள்ளிக் குடுக்குறீங்களே, கிணத்த ஊருக்கு எழுதி வச்சிட்டீங்களாப்பா?" என்றாள். அவள் திரும்பிப் போன பிறகு சின்னவன், "டீச்சரம்மா வாளியோட நிக்கிறப்ப ஏன்பா கிணத்தப் பூட்டுனீங்க?" என்றான். இருவருக்குமே நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. வாயால் சொல்லப் போனால் எனக்குக் கோபம் முந்திக்கொள்கிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன்தான் நான். ஆனாலும் எழுதும்போது கொஞ்சம் நிதானம் வருகிறது.

கிணறு நான் வெட்டியதில்லை. இந்த இடம் ரப்பர் தோட்டமாக இருந்தபோது லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்களுக்காக யாரோ வெட்டியது. லயத்தை இடித்துத் தாமான் என்று புது வீடுகளாகக் கட்டினார்கள். கடைசி வீடு நமக்குக் கிடைத்தது, கிணறும் நம் வேலிக்குள் வந்துவிட்டது. அதை நம்பித்தான் பின்னால் வெற்றிலைக் கொடிக்கால் போட்டேன். ஈப்போ பூக்கடைகளுக்கு நான் கொண்டுபோகும் இலையில்தான் நம் வீடு ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. கிணற்றை ஒட்டியிருக்கும் வரிசையில் நான் இலை கிள்ளுவதில்லை. அது விதைக்கொடி. மற்ற வரிசை செத்தால் அதிலிருந்து வெட்டி மறுபடி நடலாம். அதுவே செத்தால் கொடிக்கால் இல்லை. முன்பு ஒருமுறை அழுகல் நோய் வந்து எல்லாம் போனபோது, ஆயர் தாவாரில் ஒருவரிடம் கெஞ்சி வாங்கி வந்த கொடி அது. அவரும் இப்போது செம்பனைச் சாகுபடிக்கு மாறிவிட்டார். இனி கேட்க ஆள் இல்லை.

வெயில் கொளுத்திய நேரம் பார்த்து ஊருக்குத் தண்ணீர் வரும் பெரிய குழாய் உடைந்தது. முதல் நாள் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அடுத்த நாள் ஃபிளாட்டிலிருந்தும், தொழிற்சாலை விடுதியிலிருந்தும், மேல் வரிசை இரண்டு மாடி வீடுகளிலிருந்தும் வந்தார்கள். பாதிப் பேரை நான் பார்த்ததே இல்லை. காலையில் ஜனங்களுக்கு, ஆளுக்கு இரண்டு வாளி. மதியம் கிணறு ஊற வேண்டும். சாயங்காலம் கொடிக்கு. இப்படி ஒரு முறை வைத்தேன்.

முறை வைத்தேனே தவிர, எனக்கு உட்கார முடியவில்லை. சாப்பாட்டில் கை வைப்பேன், எழுந்து போய்க் கிணற்றை எட்டிப் பார்ப்பேன். வந்து உட்கார்ந்தால் கேட் சத்தம் கேட்கும். வரிசை நீண்டால் ஏன் இத்தனை பேர் என்று இருக்கும். யாராவது வெறும் வாளியோடு திரும்பினால் அவர்கள் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பேன். இரண்டும் ஒரே மனசுக்குள்தான்.

சாலையோரம் மீ கோரெங் நூடுல்ஸ் கடை போடுகிறவர் ஒரு நாள் வேனில் பீப்பாய் மாதிரி பெரிய நீலத் தோங்கோடு வந்து இறங்கினார்.

"தம்பி, ஆளுக்கு ரெண்டு வாளிதான்லா."

"அண்ணே, நான் கடை வச்சிருக்கேன். ரெண்டு வாளில என்னண்ணே செய்யிறது? தட்ட நக்கியா வக்கிறது?"

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"கிணறு ஊறணும் தம்பி."

"உங்க வெத்தலைக்கு எத்தன வாளியாம்? அது வந்து வரிசைல நிக்கிதா?"

அதற்கும் சிரித்தார்கள். இந்த முறை நான் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் இலை வரிசைகளுக்குத் தண்ணீர் விடவில்லை. அவர் சொன்னதற்காக மட்டும் இல்லை, கிணற்றிலும் அவ்வளவு இல்லை. விதைக்கொடிக்கு மட்டும் கையால் மொண்டு ஊற்றினேன். மற்ற வரிசைகள் வாடித் தொங்க ஆரம்பித்தன. பெரியவள் வந்து பார்த்துக் கத்தியது அப்போதுதான். அவள் கத்தியதில் தப்பில்லை. அவள் படிப்பும் அந்த இலையில்தான் இருக்கிறது.

வரிசையில் தினமும் வந்தவர்களில் டீச்சரம்மாவும் ஒருவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், மேல் வரிசை வீடு. எத்தனையோ வருடமாக அவர் கார் நம் வாசலைத் தாண்டிப் போகிறது, ஒரு பேச்சு இருந்ததில்லை. ஒரு நாள் காலை வாடின கொடியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எங்களுக்குத் தந்து தந்து உங்கட கொடி வாடுது, தம்பி. சும்மா வாங்கிக்கொண்டு போக எனக்கு மனம் வரேல்லை."

"பரவால்ல டீச்சர். மழை வந்தா எந்திரிச்சுக்கும்."

அந்தப் பேச்சை நான் அதோடு விட்டுவிட்டேன். அவர் விடவில்லை.

மறுநாள், மிச்சமிருந்த கொஞ்ச இலையைக் கடையில் போட்டுவிட்டுச் சாயங்காலம் வந்தேன். கொடிக்கால் வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. செருப்புக் காலோடு கொடிக்காலுக்குள் போகக் கூடாது என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே டீச்சரம்மாவும் ஃபிளாட்டுப் பெண்கள் சிலரும் வெறுங்காலோடு, கோயிலுக்குள் நிற்பது போல, வாளியைச் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டிலை கழுவின தண்ணியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்தனாங்கள், தம்பி. வீணாப் போகாமல் உங்கட கொடி குடிக்கட்டும். எல்லாத்துக்கும் காணாது. அதுதான் பிழைக்கிற மாதிரி இருந்த வரிசைக்கே ஊத்தினம்."

பச்சையாக இருந்தது அந்த ஒரு வரிசைதான். விதைக்கொடியின் அடியில் சோப்பு நுரை நின்றது. எலுமிச்சை வாசம் வந்தது, பாத்திரம் கழுவும் சோப்பு. வெற்றிலை வேர் அதைத் தாங்காது.

அவர்கள் முகத்தைப் பார்த்தேன். வாங்கியதற்குத் திருப்பிக் கொடுத்துவிட்ட சந்தோஷம் ஒவ்வொரு முகத்திலும் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்?

"ரொம்ப நன்றி டீச்சர்" என்றேன்.

"காலையில வரேலாமல் போச்சு. குடிக்கத் தண்ணி எடுக்கலாமோ இப்ப?"

"இன்னைக்கு முடியாது டீச்சர். கிணறு ஊறுது."

அவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டைச் சாத்தினேன். கிணற்று மூடியைப் பூட்டினேன். மோட்டாரைப் போட்டு, இருந்த தண்ணீரையெல்லாம் விதைக்கொடி அடியில் விட்டேன். நுரை கரைந்து ஓட வேண்டும் என்பது ஒன்றுதான் மனசில். மோட்டார் சத்தம் வெளியே கேட்டது. அந்த வழியாக வந்து அவர்களோடு நின்ற மீ கடைக்காரர் கேட்டுக்கு வெளியிலிருந்து கத்தினார்.

"ஊறுதாம்லா, ஊறுது! மோட்டார் போட்டா ஊறுமா? மனுசனுக்கு இல்லையாம், வெத்தலைக்கு உண்டாம்!"

"விடுங்கோ. அது அவரின்ர கிணறு. வாங்கோ போவம்" என்றார் டீச்சரம்மா. குரல் தாழ்ந்திருந்தது. சின்னவன் ஜன்னலிலிருந்து பார்த்தது இதைத்தான். அவர்கள் போகும்போது வாளிப் பிடிகள் லொடலொடவென்று ஆடிய சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. மோட்டார் சேற்றை இழுக்கும் வரை நான் நிறுத்தவில்லை.

சின்னவனே, இப்போது சொல், நான் செய்தது சரியா? இதை நீ கேட்பதற்கு முன்னால் நானே பல தடவை கேட்டுவிட்டேன். அவர்கள் அன்றைக்குத் தண்ணீர் லாரியைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. கொடி போனால் எனக்கு எங்கேயும் லாரி வராது. இது ஒரு நியாயம். ஆனால் காரணத்தைச் சொல்லியிருந்தால் அந்த அம்மா என்னை மன்னித்திருப்பார், தன்னை மன்னித்திருக்க மாட்டார். அதைவிட என்னைக் கஞ்சன் என்று நினைத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டேன்.

மறுநாள் காலையில் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். ஒரு கையில் வெறும் வாளி, இன்னொரு கையில் கழுவின தண்ணீர்! நான் ஓடிப்போய்க் கேட்டிலேயே வாங்கிக்கொண்டேன்.

"ஏன் தம்பி ஓடி வாறீங்கள்?"

"கனமா இருக்கும்லா டீச்சர். குடுங்க, நான் ஊத்துறேன்."

வேலியோரத்து வாழைக்கு ஊற்றினேன். வாழைக்கு அது ஒன்றும் செய்யாது. ராத்திரி ஊறியிருந்த கொஞ்சத் தண்ணீரில் அவருக்குத்தான் முதல் வாளி கொடுத்தேன். குழாயில் தண்ணீர் வரும்வரை, தினமும் கேட்டில் வாங்குவதும் வாழைக்கு ஓடுவதுமாக இருந்தேன். மற்றவர்களும் கொண்டுவர ஆரம்பித்தார்கள். மீ கடைக்காரர்கூட ஒரு நாள் தோங்கில் கொஞ்சம் மங்கு, தட்டு கழுவின தண்ணீர் கொண்டுவந்து, என் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனார்.

விதைக்கொடியில் பாதி மஞ்சளாகிப் போயிற்று. மீதி நின்றது. நிற்கும் என்று இன்னும் உறுதியாகச் சொல்ல மாட்டேன், காலையில் முதலில் அதைத்தான் போய்ப் பார்க்கிறேன். பெரியவளே, முன்பின் தெரியாதவர்களுக்கு ஏன் கொடுத்தேன் என்றால், எனக்கு அதற்குப் பெரிய காரணம் தெரியாது. கிணறு என்னுடையதாக ஆனதும் அப்படி ஒன்றும் காரணத்தோடு இல்லை.

தண்ணீர் வந்து, கேட்டில் யாருமே இல்லாத ஒரு மத்தியானம், நீங்கள் இருவரும் வீட்டில் இல்லை. மறுபடி குழாய் நின்றால் அவர்கள் கழுவின தண்ணீரோடு வருவார்கள் என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். கேட்டை ஒட்டி ஒரு சின்னக் குழி தோண்டினேன். அதிலிருந்து விதைக்கொடியைத் தொடாமல், வேலியோரமாகவே வளைத்து, வாழை வரைக்கும் ஒரு வாய்க்கால் இழுத்தேன். பிறகு சமையலறையிலிருந்து பாத்திரம் கழுவின தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து வந்து, கேட்டுக்கு வெளியே போய் நின்று, அவர்கள் ஊற்றுவது போல ஊற்றிப் பார்த்தேன். நடுவில் ஓர் இடத்தில் தேங்கியது. உள்ளே போய் அந்த இடத்து மண்ணை இன்னும் கொஞ்சம் வெட்டிவிட்டேன்.