இறங்கி வந்த பால்குடம்

போன வருடம் தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் எல்லோரும் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் நிறைந்த பால்குடத்தோடு இறங்கினேன். இன்னும் நினைத்தால் முகம் சூடாகிறது.

என் பெயர் மணியம். துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறேன். படிப்பு குறைவு. தெரிந்ததை எழுதுகிறேன்.

சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும். யார் மேலோ ஏற்றிவிட்டேன் என்று மனம் சொல்லும். திரும்பிப் போய்ப் பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள். கிளம்பினால் மறுபடி அதே எண்ணம். வண்டியைப் பின்னால் எடுப்பதை நாங்கள் கோஸ்தான் என்போம். கூட்டாளிகள் அதையே எனக்குப் பெயராக வைத்தார்கள்.

"வந்துட்டாருலா கோஸ்தான் மணியம். தள்ளி நில்லுங்க, இப்ப திரும்பி வருவாரு."

நானும் சிரித்தேன். வீட்டில் போய் அழுதேன்.

என் மனைவி லெட்சுமிதான் கிளினிக்குக் கூட்டிப் போனாள். எண்ணம் விடாமல் சுற்றும் நோய், ஓசிடி என்றார் டாக்டர். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்துதான் இதற்கும் என்று ஒரு கேப்சூல் கொடுத்தார். மெல்லத்தான் கேட்டது. ஆனால் கேட்டது. முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டேன்.

விரதம் தொடங்கியது. கேப்சூலின் கூடு மாட்டு எலும்பில் செய்வது என்று கேண்டீனில் ஒருவர் சொன்னார். மச்சம் மாமிசம் தொடாத நாளில் அதை எப்படி விழுங்குவது? நிறுத்திவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. பைத்தியத்துக்குச் சாப்பிடும் மருந்து என்ற நினைப்பு. அதைப் பற்றி வாய் திறக்கவே கூசியது. முருகன் பார்த்துக்கொள்வான் என்று இருந்தேன்.

பூசத்துக்குள் எல்லாம் திரும்பி வந்தது. பாதிப் படியில், ஒரு குழந்தையை மிதித்துவிட்டேன் என்று மனம் சொன்னது. இறங்கினேன். குழந்தை இல்லை. ஏறினேன். மறுபடி இறங்கினேன். கூட்டம் திட்டியது. ஓரத்தில் உட்கார்ந்து, "முருகா, ஒரு வழி காட்டு" என்று மட்டும் கேட்டேன்.

லெட்சுமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மருந்து சாப்பிடுறீங்களா இல்லையா?"

நிறுத்தியதையும் காரணத்தையும் சொன்னேன்.

"முருகன்கிட்ட கேட்டீங்க, சரி. வேற மாத்திரை இருக்கான்னு டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

எனக்கு அதுதான் பதில். கேட்ட வாய் மூடுமுன் வந்தது. குடத்தை அவள் வாங்கிக்கொண்டு ஏறினாள். நான் கீழே நின்றேன்.

கிளினிக்கில் மருந்து கொடுக்கும் பெண் சொன்னாள்: "என்னண்ணே, விரதம்னு ஒரு வார்த்தை சொன்னா மாத்திக் கொடுத்திருப்பாங்களே. நெறய பேரு கேக்குறதுதான்லா."

டாக்டர் ஃப்ளூவோக்ஸமின் என்ற மாத்திரைக்கு மாற்றினார். கூடு இல்லாதது. முதலில் குமட்டியது, தூக்கம் தள்ளியது. லோரி எடுக்க வேண்டாம் என்று லீவு எழுதினார். இந்த மாத்திரையோடு கோப்பியைக் குறைக்கச் சொன்னார். நான் கேட்கவில்லை. கை நடுங்கிய பிறகு குறைத்தேன். குணம் தெரிய வாரக்கணக்கில் ஆனது. திரும்பிப் போய்ப் பார்க்காமல் இருக்கவும் கிளினிக்கில் பழக்கினார்கள். அது மருந்தைவிடக் கசப்பு.

இந்த வருடம் ஏறினேன். பாதிப் படியில் அந்த எண்ணம் வந்தது. முழுக்கப் போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை. கால் நின்றது. பின்னால் லெட்சுமி வந்துகொண்டிருந்தாள். முருகா என்று அடுத்த படியில் கால் வைத்தேன். பால் வேலுக்குப் போய்ச் சேர்ந்தது.

என்னைப் போல் ஒளித்து வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். சாமியிடம் கேளுங்கள். டாக்டரிடமும் கேளுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை. இருக்கட்டும். அதையும் சுமந்துகொண்டுதான் ஏறினேன்.