பச்சைக் கறியில் உப்புப் பார்த்தவள்

குளிர்ந்த தண்ணீரில் பாத்திரம் கழுவிக் கழுவி என் விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் புண்ணாகியிருந்தது. ஒரு நாள் தொட்டிக்குள் கையை விட்டால், தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. திரும்பிப் பார்த்தேன். கூட வேலை செய்த சமையல்கார அக்கா ஒன்றும் தெரியாதவள் போல அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் பிறகு தினமும் அவளே சுடுதண்ணீர் கலந்து வைத்தாள்.

தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் அவள்தான் சமையல். பன்றிக்கறியைக் கொத்தி உருண்டை பிடிப்பாள். வெந்த பிறகு உப்புக் குறைந்தால் திருத்த முடியாது. அதனால் பச்சைக் கறியையே வாயில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது முதலாளி உத்தரவு.

"ஒரு உருண்டையைப் பொரிச்சுப் பார்த்துக்கறேனே" என்று கேட்டாள்.

"மகாராணிக்குத் தனி அடுப்பு மூட்டணுமோ?"

அவன் வாங்கிப் போட்ட கறியும் பரிசோதனை முத்திரை இல்லாத மலிவுச் சரக்கு.

முதலில் அவளுக்கு வயிற்றால் போனது. பிறகு காய்ச்சல் வந்தது, கண்ணிமைகள் வீங்கின, உடம்பெல்லாம் வலி எடுத்துக் கரண்டியைத் தூக்க முடியாமல் தவித்தாள். "நேத்து ராத்திரி நல்லா ஊத்திக்கிட்டா போல" என்று எல்லார் முன்னாலும் சிரித்தான் முதலாளி. ஆயுசில் ஒரு சொட்டுத் தொடாதவள்! கூட இருந்தவர்களோ, ஏதோ பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்றார்கள். அடுப்பு மூட்டக் கஞ்சத்தனம் பண்ணியவன் கண்ணெதிரே நிற்கிறான். பழி மட்டும் கடவுள் தலையிலா?

வேகாத கறியில் இருந்த புழு தசைக்குள் புகுந்துவிட்டது, இதயத்தையும் தொட்டுவிட்டது என்றார் டாக்டர்.

அப்போதுதான் முதலாளிக்கு அவள் ஞாபகம் வந்தது. பழப்பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

"சுகாதார ஆளுங்க கேட்டா, வெளியில எங்கயோ சாப்பிட்டேன்னு சொல்லிடும்மா. உன் பொண்ணுக்கு உன் வேலையையே தரேன்."

"இந்த வேலையா? என் பொண்ணுக்கா?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "பழத்தை எடுத்துக்கிட்டுக் கிளம்புய்யா. நடந்ததைத்தான் சொல்வேன்."

சொன்னாள். அவன் அபராதத்தைக் கட்டிவிட்டுச் சமையலறையை மறுபடியும் திறந்தான். இனி நீதான் உப்புப் பார்க்கணும் என்று என்னிடம் வந்து நின்றான்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவளை உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி. நான் சொன்னதைக் கேட்டு, வீங்கிய இமைகளைக் கஷ்டப்பட்டுத் திறந்தாள்.

"நீ வாயைத் திறக்காதடி. பச்சை உருண்டை ஒன்னு எடுத்து அவன் வாயில வை. மென்னு முழுங்கட்டும். அப்புறமா கேளு, உப்புச் சரியா இருக்கான்னு."