பல்லில் கவ்விய பறி

பழவேற்காட்டு ஏரியில் ஆழமில்லாத இடங்களில் நாங்கள் பெண்கள் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்போம். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வோம். அதனால் தண்ணீரில் இறங்கிவிட்டால் பேச்சில்லை. கண்ணும் புருவமும் போதும். காலையில் ஏரியும் வானமும் ஒரே நிறமாகிவிடும். கழுத்தளவு தண்ணீரில் இருக்கிறேனா, இன்னும் பாயில் கிடந்து கனவு காண்கிறேனா என்றுகூடச் சில நேரம் தோன்றும்.

கரையில் படகு நிழலில் என் மகள் கிளிஞ்சல் அடுக்கிக்கொண்டிருப்பாள். நாலு வயது. சொல்வதெல்லாம் புரியும், பேச்சு மட்டும் வராது. ஒருநாள் "தண்ணி" என்று கணீரென்று சொன்னாள். தெருவே கூடிவிட்டது. மறுநாள் அதே சொல்லுக்கு உதட்டைக் குவித்தாள், கோணினாள், கடைசியில் "கூ" என்றாள். எனக்கு மூக்கின் மேல் கோபம். பிடிவாதம் என்றே நினைத்தேன். சொம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நேத்து சொன்ன இல்ல? சொன்னாத்தான் குடுப்பேன்" என்று நிற்கவைத்தேன். அவள் அழுதுகொண்டே சொம்பைப் பார்த்தாள். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பொன்னேரியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண்தான் அதற்கு அப்ராக்சியா என்று பெயர் சொன்னார்.

"சொல்லு அவ மனசுல இருக்குதும்மா. நாக்கையும் உதட்டையும் எந்த வரிசைல அசைக்கணும்னுதான் தடுமாறுது. பிடிவாதம் இல்ல. கையக் காட்டிக் கேட்டாலும் உடனே குடுங்க. சின்னச் சத்தமா எடுத்து, தினமும் வெளையாட்டா பலவாட்டி சொல்ல வைங்க."

நான் தலையாட்டினேன். பாதிதான் மண்டையில் ஏறியது.

மீதி ஏரியில் ஏறியது. சேற்றுக்குள் ஒரு கெளுத்தி மீன் கையில் முள்ளை ஏற்றிவிட்டது. கத்த வேண்டும், பறியை விட்டால் காலையிலிருந்து பிடித்தது போய்விடும். 'ஐயோ' தொண்டைவரை வந்து நின்றுவிட்டது. "ங்" என்று மட்டும் ஒரு சத்தம். ஊமை கண்ட கனவு என்பார்களே, அது எனக்கே நடந்தது. கூடவே இறால் தடவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா என் முகத்தைப் பார்த்தாள், வந்தாள், முள்ளைப் பிடுங்கினாள். சொன்னால்தான் பிடுங்குவேன் என்று அவள் நிற்கவில்லை. நான் தண்ணீரிலேயே அழுதேன்.

அன்று முதல் சொம்பை மகளின் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன். தினமும் ஏரிக்கு இறங்கும் முன் எதிரெதிரே உட்காருவோம். உதட்டை மூடி "ம்", அவள் தொடையில் ஒரு தட்டு. திறந்து "மா", இன்னொரு தட்டு. சில நாள் மூன்று முறை வரும், சில நாள் ஒன்றும் வராது. மாதங்கள் போயின.

மழைக்கு முந்தைய ஒரு காலை. பறி பாதிக்குமேல் நிறைந்திருந்தது. கரையில் அவள் எழுந்து நின்று தன் தொடையைத் தானே தட்டிக்கொண்டாள்.

"ம்... மா."

ஏரி முழுக்க வேறு சத்தமே இல்லை.

"இன்னாடா கண்ணு!" என்றேன். பறி கவிழ்ந்தது. இறாலெல்லாம் என் வயிற்றை உரசிக்கொண்டு ஓடின. அக்கா பறியைக் கவ்வியபடியே கண்ணை உருட்டித் திட்டினாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் அவளும் பறியை விட்டுவிட்டாள்.

மறுநாள் அந்தச் சொல் வரவில்லை. உதட்டை மூடித் திறந்து பார்த்தாள். பிறகு சொம்பைக் காட்டினாள். நான் எடுத்துக் கொடுத்தேன்.