கமால் மச்சான் பூநாரை பார்க்கப் போன கந்தூரி

கொல்லங்கோடு சந்தைக்குப் போகிற பாதையில் கமால் ராவுத்தருக்குக் கயிற்றுக் கடை. எனக்கு அவர் மச்சான். என் அக்கா சௌதாவைக் கட்டியவர். அதற்கு முன்பே எங்கள் அத்தாவுடைய அக்கா மகன்.

கிணற்றுக் கயிறு, மாட்டுத் தும்பு, கூடை, முறம் எல்லாம் அங்கே கிடைக்கும். கயிற்றைக் கையால்தான் அளப்பார். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். ஏழாவது பாகம் அளக்கும்போது வானத்தில் ஒரு பருந்து வட்டமிட்டால் போச்சு. விரித்த கை விரித்தபடி நிற்பார். பருந்து மறைந்த பிறகு மறுபடியும் "ஏழு" என்பார். இதைக் கண்டுவைத்துக்கொண்டு நல்லேப்பிள்ளிக் குடியானவர்கள் சிலர், கொக்குக் கூட்டம் அடையப் போகிற சாயங்கால நேரமாகப் பார்த்துக் கயிறு வாங்க வருவார்கள். எதிரே டீக்கடை வைத்திருந்த அலவி சும்மா இருக்க மாட்டார்.

"ராவுத்தரே, மேலே பாருங்க, உங்க கயிறு ரெண்டு பாகம் பறந்து போகுது!"

மச்சான் சிரிப்பார். பறவை விஷயத்தில் யார் எதைச் சொன்னாலும் சிரித்துக்கொள்வார், ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று அவருடைய அத்தா மொய்தீன் ராவுத்தர் சொன்ன சங்கதி. எங்களுக்கு அவர் மாமு. ஒரு தடவை நாகூர் தர்காவில் நடக்கும் கந்தூரிக்குப் போனவர் அப்படியே வேதாரண்யம் பக்கம் ஒரு சினேகிதரைப் பார்க்கப் போயிருக்கிறார். அங்கே கொடிக்கரை போகிற வழியில், காவேரித் தண்ணி கடலுக்குப் போய்ச் சேருகிற சதுப்பில், ஆயிரக்கணக்கில் பூநாரை நின்றதாம். ஆள் மார் உயரம், மூங்கில் குச்சி மாதிரி கால், வளைந்த மூக்கு. இறக்கையை விரித்தால் உள்ளே செக்கச்செவேல் என்று இருக்குமாம். மாமு மௌத்தாகிறவரை இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கள் வீடுகளில் அதற்குக் கந்தூரிப் பறவை என்றே பெயர்.

நாற்பத்தெட்டில் கந்தூரி சித்திரை மாசத்தில் வந்தது. மச்சான் ஊர்க் கூட்டத்தோடு நாகூர் போய், பாத்திஹா ஓதி, அங்கிருந்து தனியாக அந்தச் சதுப்புக்குப் போனார். போனால் வெடித்த சேறும் வெள்ளை உப்பும்தான். ஒரு காக்காய்கூட இல்லை. இரண்டு நாள் வெயிலில் காத்திருந்து, முகம் கறுத்துத் திரும்பி வந்தார்.

நல்லேப்பிள்ளியில் கட்டிக் கொடுத்திருந்த அவர் தங்கச்சி ஷரீஃபா அப்போது இங்கேதான் இருந்தாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"அத்தா நம்மளத் தூங்க வெக்கறதுக்குச் சொன்ன கதைங்கண்ணா அது. அதப் போயி ரயிலேறிப் பாத்துட்டு வந்திருக்கீங்களே!"

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் எங்கள் சாதிசனம் முழுக்க அந்தப் பேச்சு பரவிவிட்டது. மொய்தீன் ராவுத்தர் விட்ட கதை என்று ஒரு வழக்கே வந்துவிட்டது. யாராவது கொஞ்சம் கூட்டிப் பேசினால், "அது கந்தூரிப் பறவை" என்பார்கள். அத்தாவின் பேர் இப்படிப் பொய்க்கு அடையாளமாகப் போனதை மச்சானால் தாங்க முடியவில்லை. எட்டு வருசம் அவர் அந்தப் பறவையைப் பற்றிப் பேசவில்லை. "எங்கத்தா பொய் சொல்ற மனுசன் இல்ல சௌதா" என்று அக்காவிடம் மட்டும் எப்போதாவது சொல்வாராம்.

ஐம்பத்தாறில், மாமு மௌத்தான நாளுக்கு ஓதுகிற வருசப் பாத்திஹா ஐப்பசியில் வந்தது. கொட்டுகிற மழை. கடைக்குப் பின்னாலேயே வீடு. ஷரீஃபாவும் நானும் ஊதாங்குழலை மாற்றி மாற்றி ஊதிக்கொண்டிருந்தோம்.

"வெறகெல்லாம் நனைஞ்சு கெடக்குது மதினி. அத்தா பாத்திஹா அன்னிக்குப் பாத்தா இப்பிடிப் பேயோணும்?" என்றாள் ஷரீஃபா.

"மாமு மௌத்தானப்ப மழை ஏது புள்ளே?" என்றாள் அக்கா. "வந்த சனத்துக்கெல்லாம் மாம்பழம் அறுத்துக் குடுத்தோமே. பெறை மாசம் அதேதான். காலந்தான் நகந்து நகந்து மழைக்கு வந்திருச்சு."

சொன்னவள் கையில் அகப்பையோடு அப்படியே நின்றாள். பிறகு கடைப்பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"ஏனுங்க! மாமு அந்தப் பறவையப் பாத்தது எந்தக் கந்தூரிங்க?"

"எதுக்கு இப்ப அது?" என்று மச்சான் உள்ளே வந்தார். "ஷரீஃபாவுக்கு முடியெறக்கப் போன கந்தூரி."

"ஷரீஃபா எப்பப் பொறந்தா?"

"பெருவெள்ளத்துல. பாரதப்புழை ஊருக்குள்ள வந்துச்சே, அந்த ஆடி மாசம்."

"முடியெறக்கறப்ப எத்தனை மாசப் புள்ளைங்க?"

மச்சான் விழித்தார். எனக்குத் தெரியும். எங்கள் அம்மா சொல்லியிருக்கிறாள். ஷரீஃபா அப்போதுதான் குப்புற விழப் பழகியிருந்தாள், அஞ்சு மாசம் முடிந்து ரெண்டு நாளோ மூணு நாளோ. ரயிலில் பலகையிலிருந்து உருண்டுவிடுவாளென்று மாமு அவளை மடியில் கட்டிக்கொண்டே போனாராம்.

அக்கா விரலை மடக்கினாள். ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை.

"அப்ப அது மார்கழிக் கந்தூரிங்க! நீங்க போனது சித்திரை வெயில்ல!"

நோன்பும் கந்தூரியும் பிறைக் கணக்கு; ஒரு காலம் வெயிலில் வரும், ஒரு காலம் பனியில் வரும். வருசத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். இருந்தும் அந்தப் பறவையும் பிறை பார்த்துத்தான் வருமென்று இத்தனை பேரும் நம்பியிருந்தோம் பாருங்கள்!

"இந்த வருசம் கந்தூரி எப்ப?" என்று நான் கேட்டேன்.

"மார்கழி," என்றார் மச்சான்.

ஷரீஃபா ஊதாங்குழலைக் கீழே வைத்தாள். "நானும் வருவேன். இல்லாத பறவைய நானே என் கண்ணால பாத்துட்டு வர்றேன்."

"வா. நீ ஏற்கெனவே பாத்தவதான்," என்றார் மச்சான்.

ஊரில் கந்தூரிக்கு அப்போதெல்லாம் ஒரு பஸ் பிடித்துத்தான் போவார்கள். நாகூர், மூணு நாள், திரும்ப ஊர். நடுவில் பறவைக்கெல்லாம் வண்டி நிற்காது. அதனால் நாங்கள் நாலு பேர் தனியாக ரயிலில் போவதென்று மச்சான் தீர்மானித்தார். ரயிலடியில் பாயிண்ட்ஸ்மேன் குருசாமி என்று ஒருத்தர். அவரை டீக்கடைக்குக் கூட்டிவந்து உட்கார வைத்தார்.

"பொள்ளாச்சி தாண்டி திண்டுக்கல்லுல மாறோணுங்க. அப்புறம் திருச்சி. அப்புறம் திருவாரூர். திருத்துறைப்பூண்டில இன்னொருக்கா மாறுனா வேதாரண்யம்."

மச்சானுக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஒரு முழக் கயிற்றை எடுத்து, மாறுகிற இடத்துக்கெல்லாம் ஒரு முடிச்சுப் போட்டார். அலவி எட்டிப் பார்த்தார்.

"ராவுத்தரே, இந்த மாசம் முதல் நாம கேரளமாக்கும். நீங்க வேற ராஜ்யத்துக்குப் போறீங்க. அந்தப் பறவைகிட்டச் சொல்லீட்டீங்களா?"

"நீங்க டீய ஆத்துங்க," என்றார் மச்சான். அலவியும் சிரித்தார், அவரும் சிரித்தார். எட்டு வருசத்துக்கப்புறம் அந்தப் பறவைப் பேச்சுக்கு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

வீட்டில் ஒரே சண்டை. ஷரீஃபா முதலில் நாகூர் போகணும் என்றாள். கந்தூரி பதினாலு நாள் நடக்கும், சந்தனக்கூட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், முதலில் பறவை என்றாள் அக்கா. "நாகூர் எசமான் கோவிச்சுக்க மாட்டாரா?" என்றாள் ஷரீஃபா. "உன் வாயவே இத்தனை நாளாப் பொறுத்திருக்காரு," என்றாள் அக்கா. புளிச்சோறும் உப்புக்கண்டமும் கட்டினோம். பனிக்கு நாலு கம்பளி எடுத்துக்கொண்டோம். திருச்சியில் மட்டும் தப்பான வண்டியில் ஏறி, அது கிளம்புமுன் மூட்டையோடு குதித்து இறங்கினோம். மற்றபடி மச்சானின் முடிச்சு ஒன்றும் தப்பவில்லை.

வேதாரண்யத்தில் விடிகாலையில் ஒரு மாட்டு வண்டி பிடித்தோம். மழைத் தண்ணி வடியாமல் சதுப்பு கண்ணுக்கெட்டிய மட்டும் கிடந்தது. ஆனால் ஒரே பனி. தூரத்தில் உப்பைக் குவித்துவைத்த மாதிரி ஒரு வெள்ளை வரிசை. அதைத் தவிர வேறொன்றும் இல்லை. வண்டியை நிறுத்தி இறங்கினோம். மச்சான் ஒரு பக்கமும் திரும்பாமல் நின்றார். அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

ஷரீஃபாவால் பொறுக்க முடியவில்லை. "என்னங்கண்ணா, உங்க பறவைக திருச்சியில வண்டி மாறி ஏறிருச்சுகளா?"

யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு தண்ணியைப் பார்த்தாள். பனி கொஞ்சம் விலகி வெயில் விழுந்தது.

"அண்ணா," என்றாள் மெதுவாக. "அந்த உப்புக் குமிச்சல் நகருது."

எல்லோரும் பார்த்தோம். உப்பு என்று நினைத்த வரிசையில் ஒரு கழுத்து நீண்டது. பிறகு பத்துக் கழுத்து. எங்கள் மாடு தலையை ஆட்டி மணி குலுங்கியது. அவ்வளவுதான், வரிசை முழுக்க ஒரே வீச்சில் எழும்பியது. வெள்ளை இறக்கையெல்லாம் விரிந்து, உள்ளே இருந்த செவப்பு வானம் பூராவும் பரவியது. அக்கா என் கையைப் பிடித்து நெரித்தாள். வாத்து மாதிரிக் கத்திக்கொண்டு கூட்டம் எங்கள் தலைக்கு மேலேயே சுற்றிப் போய் மறுபடி தண்ணியில் இறங்கியது.

மச்சான் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "அல்ஹம்துலில்லாஹ்," என்றார்.

ஷரீஃபா அழுதாள், சிரித்தாள், அண்ணனின் முதுகில் ஓங்கி அடித்தாள். "அத்தா கொறைச்சுல்ல சொல்லியிருக்காரு! மார் உயரம்னாரே, ஆள் உயரம் இருக்குதுங்கண்ணா!"

உச்சிவெயில்வரை அங்கேயே இருந்தோம். பிறகு நாகூர் ரயிலில் ஷரீஃபா எதிரே உட்கார்ந்தவர்களையெல்லாம் பிடித்துக்கொண்டாள். "எங்கத்தா மொய்தீன் ராவுத்தர் சொல்லுவாருங்க" என்றுதான் ஒவ்வொரு தடவையும் ஆரம்பித்தாள். திருவாரூரில் பறவை ஆள் உயரம் இருந்தது. நாகூரில் இறங்கும்போது அது ஒன்றரை ஆள் உயரம் ஆகிவிட்டது. மச்சான் ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்தார். ஒரு தடவைகூட அவளைத் திருத்தவில்லை.