திறந்து வைத்த கதவைப் பற்றி ஒரு கட்டுரை

மருத்துவமனையின் பின்கட்டுச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் மேகம் என்றுதான் கூப்பிட்டார்கள். நீராவிக்கு நடுவே நிற்பதால் வந்த பெயர் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். ஆள் இங்கே இருக்கும்போதே நினைப்பு எங்கோ மிதந்து போய்விடுகிறதே என்று துணி மடிக்கும் மேசையருகே நிற்கும் அக்கா வைத்த பெயர் அது.

மகள் மேல்நிலை வகுப்புக்குப் போன வருஷம், மேகம் மாலைக் கல்லூரியில் சேர்ந்தாள். “படிச்சு என்ன பண்ணப் போறே?” என்று கேட்டவர்களிடம், “படிக்கத்தான் போறேன்” என்றாள். வேன் ஓட்டும் கணவனுக்கு அதில் பெருமைதான். “வீட்ல ரெண்டு பேர் படிக்கிறாங்கப்பா. நான் டிவியை ஊமைப்படமா பார்த்துக்கிட்டிருக்கேன்” என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

முதல் பருவத்தில் ஒரு சிறுகதை கொடுத்துத் திறனாய்வுக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். கதை சின்னதுதான். வேலை தேடிப் போன கணவனிடமிருந்து தகவலே இல்லை. மனைவி சாயங்காலமானால் வாசல் கதவைத் திறந்து வைக்கிறாள். மேகம் ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தாள். திரும்பி வந்த தாளின் ஓரத்தில், அவளைவிட வயதில் சின்னவளான விரிவுரையாளர் எழுதியிருந்தாள்: “கதையை அழகாகத் திருப்பிச் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?”

மேகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் என்ன நினைக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அடுத்த நாள் துணி தேய்க்கும் உருளை இயந்திரத்துக்குள் படுக்கை விரிப்புகளைச் செலுத்தும்போது அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. ஈரத் துணி வெள்ளையாக எழும்பியது. அதற்கு அப்பால் கதையில் வரும் அந்த வீடு மங்கலாகத் தெரிந்தது. சோப்பு வாசனையே அந்த வீட்டின் வாசனையானது. நாள் போகப் போக உள்ளே நடமாடவும் பழகிவிட்டாள். சுவரில் ஈரம், மூலையில் ஒரு ஸ்டூல், வாசலில் முதுகைக் காட்டி நிற்கும் ஒருத்தி. அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று மேகம் மெல்லக் கிட்டே போனாள். அப்போதுதான் தோன்றியது: கதவைத் திறந்து வைத்தது அவன் உள்ளே வரவா, இவள் வெளியே போகவா?

விரிப்பு உருளையில் சிக்கிச் சுருண்டது. அக்கா ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

“எங்கடி போயிட்டு வர்றே?”

“ஒரு வீட்டு வாசல் வரைக்கும்க்கா.”

“நல்லா போனே போ. விரலு பத்திரமா இருக்கான்னு பாரு!”

அந்த வாரமே புதிதாக எழுதினாள். கதையில் வருகிறவள் காத்திருக்கவே இல்லை, கிளம்பிக்கொண்டிருந்தாள் என்று அடித்துச் சொன்னாள். எழுதியதைக் கணினியில் தட்டச்சு செய்த மகள் பாதியில் நிறுத்தினாள்.

“சூப்பர்மா. ஆனா அவ கிளம்புறான்னு கதைல எங்க இருக்கு?”

“இருக்கும் பாரு.”

இல்லை. வரி வரியாகத் தேடினார்கள். கதவைத் திறந்ததும் அவள் விளக்கைத் தணிக்கிறாள் என்று ஒரு வரி இருந்தது. ஆளை எதிர்பார்ப்பவள் விளக்கை ஏன் தணிக்கிறாள்? மேகத்துக்கு உயிர் வந்தது. ஆனால் அடுத்த பக்கத்திலேயே அவள் இரண்டு தட்டு எடுத்து வைக்கிறாள். மேகத்தின் முகம் தொங்கிப்போனது. அந்தத் தட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அப்புறம் மனசில்லாமல், கிளம்புகிறவளைப் பற்றிய அழகான பத்தியைக் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். விளக்கையும் தட்டையும் அருகருகே வைத்து, “கதவு யாருக்காகத் திறந்தது என்பது அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்” என்று முடித்தாள்.

இந்த முறை திரும்பி வந்த தாளின் அடியில் எழுதியிருந்தது: “என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டு தட்டு வைத்தவளுக்கு எப்படித் தெரியாமல் போகும்?”

திட்டு வாங்கியவள் போலில்லாமல், மேகம் சிரித்த முகத்தோடு விரிவுரையாளரைத் தாழ்வாரத்திலேயே பிடித்துக்கொண்டாள்.

“மேடம், தட்டு வைக்கிறது கைப்பழக்கம். மனசு வேற எங்கயாவது இருக்கும்.”

“அப்போ விளக்கைத் தணிச்சதும் கைப்பழக்கமா இருக்கலாமே?”

நியாயம்தானே! இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்து முடித்து மறுபடி ஆரம்பித்தார்கள். காவலாளி சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டும்வரை பேச்சு ஓயவில்லை.

வீட்டுக்கு வந்ததும், “மார்க் எவ்வளவு?” என்றான் கணவன். அதைப் பார்க்கவே மறந்திருந்தாள். பையைத் துழாவி எடுத்துப் பார்த்தாள். சுமாரைவிடக் கொஞ்சம் மேல்.

அவனுக்கும் கதையைச் சொன்னாள். தாடையைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தவன், “வீடு புழுக்கமா இருந்திருக்கும், திறந்து வெச்சா. பூச்சி வரும்னு விளக்கைத் தணிச்சா. இதுக்குப் போய் காலேஜா?” என்றான்.

“அப்பா!” என்று மகள் பாய்ந்தாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. புழுக்கம் என்று ஒரு வார்த்தையாவது கதையில் வருகிறதா என்று பார்க்க, மேகம் மெதுவாகப் புத்தகத்தைப் பிரித்தாள்.